வெயில் எறித்த மலையும் கேட்காமல் விட்ட கேள்வியும்

நோர்வேக்குப் போவதற்காக நாங்கள் வீட்டை விட்டு இரண்டு தடவை புறப்பட்டோம். முதல் தடவை பழுதாகிப் போனதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக் கரேன்.

சனிக்கிழமை விடியற்காலை. டென்மார்க்கில் எங்கள் ஊரான ஹேர்னிங்கில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நவம்பரில் தொடங்கிய அதே சாம்பல் வானம். காருக்குள் அரிசி, மிளகாய்த்தூள், சோறு காய்ச்சும் மின்சாரப் பானை, இரண்டு பேணி பயத்தம் பணியாரம், ஆட்களைவிட நீளமான பனிச்சறுக்குக் கட்டைகள் எல்லாம் ஏறிவிட்டன. என் கணவர் சிவம் சாரதி ஆசனத்தில். பின்னுக்கு மகள் அபியும் அவளுடைய காதலன் யெப்பேயும். கதவைச் சாத்தப் போகிற நேரம் பார்த்து, நாயோடு வந்த கரேன் வேலிக்கு மேலால் எட்டி, "அட, எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

நல்ல மனுஷி. எங்கள் வீட்டுப் பூக்கன்றுகளுக்கு ஒவ்வொரு கோடையும் தண்ணீர் விடுபவள். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வெளிக்கிட்டுப் போகிறவரைப் பார்த்து "எங்கே" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். போகிறவர் விருப்பமென்றால் இடத்தைச் சொல்லுவார், இல்லையென்றால் "ஓம், கொஞ்சம் தூரம்தான்" என்றுவிட்டு நடப்பார். தெரியாத்தனமாக யாராவது எங்கே என்று கேட்டுவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது. வீட்டுக்குள் திரும்பிப் போய், கொஞ்ச நேரம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகப் புறப்பட வேண்டும்.

"எல்லாரும் இறங்குங்கோ" என்றேன்.

"அம்மா, கப்பல் எங்களுக்காக நிற்காது" என்றாள் அபி டேனிஷில். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள். இருபத்தாறு வருடமாக எங்கள் வீடு அப்படித்தான் ஓடுகிறது.

யெப்பே ஒன்றும் கேட்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதிரையில் நேராக இருந்து, கொடுத்த தண்ணீரை மருந்து குடிப்பது மாதிரிக் குடித்தான். எனக்கு முதல் முதலில் அவனைப் பிடித்தது அந்த இடத்தில்தான். இரண்டு வருடமாக அவனைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் அபி மறைத்து வைத்திருந்தாள். ஓகூஸ் நகரத்துக்குப் படிக்கப் போனவள் எங்கே, யாரோடு இருந்தாள் என்று கிறிஸ்மஸ் வரை எங்களுக்குத் தெரியாது. அந்தக் கோபம் எனக்குள் இன்னும் முழுக்க ஆறவில்லை. இந்தப் பயணமே, எங்களைச் சமாதானப்படுத்த அவர்கள் இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பலுக்குள் கடைசியாக ஏறிய கார் எங்களுடையது. எங்களுக்குப் பின்னால் கதவு மூடிய சத்தத்தில் சிவம் ஒரு பெருமூச்சு விட்டார், என் பக்கம் திரும்பவில்லை.

கடல் அன்றைக்கு நல்ல குணத்தில் இல்லை. முப்பது வருடமாகத் துணி ஆலையில் இயந்திரத்தோடு நின்று வேலை செய்த சிவம், மேல்தட்டில் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் பெட்டியைத் திறந்து புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் எடுத்தேன். மணம் போன பாதையில் தலைகள் திரும்பின. அடுத்த மேசையில் வயதான டேனிஷ் தம்பதி. மனிசி புருஷனிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது: "வாரம் முழுக்க மலையில் வெயிலாம். கடவுள் எங்களை மறக்கவில்லை."

டென்மார்க்கில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சந்தோஷம் விளங்கும். பெப்ரவரியில் அரை மணித்தியாலம் வெயில் எறித்தால் போதும், எங்கள் தெருவில் எல்லாரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் வந்து முகத்தை நீட்டுவார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், வேலையை அப்படியே விட்டுவிட்டு ஆட்களைச் சக்கர நாற்காலியோடு வெளியே தள்ளிக்கொண்டு ஓடுவோம். வெயிலைப் பார்த்துப் பயப்பட இந்த நாடு எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைப் பாதை. டென்மார்க்கில் வானமலை என்று பெயர் வைத்த ஒரு மேடு இருக்கிறது. நான் செருப்போடு ஏறி, மேலே நின்று ஐஸ்கிரீம் குடித்திருக்கிறேன். அதை மலை என்று நம்பி வாழ்ந்த சிவம், ஒவ்வொரு வளைவிலும் முருகனைக் கூப்பிட்டார். மூன்றாவது சுரங்கத்துக்குப் பிறகு யெப்பே, "நான் ஓட்டட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டான். சிவம் மறுபேச்சில்லாமல் கார்த் திறப்பைக் கொடுத்தார்.

நாங்கள் தங்கிய மரவீட்டின் சொந்தக்காரி ஆஸ்ட்ரிட். என் வயதுதான் இருக்கும், ஆனால் முற்றத்துப் பனியை அள்ளுகிற வேகத்தைப் பார்த்தால் என் மகளின் வயது என்பீர்கள். அவள் நோர்வேஜியனில் கதைப்பாள், நாங்கள் டேனிஷில் கதைப்போம். முக்கால்வாசி விளங்கும். மிச்சத்துக்குச் சிரிப்போம்.

குசினிச் சுவரில் மலைக்குப் போகிறவர்களுக்கான விதிகள் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதலாவது வரியே, எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்பதுதான். கரேனின் நினைவு வந்து சிரித்தேன். மேற்கொண்டு வாசிக்காமல் அதற்குப் பக்கத்து ஆணியில் என் அகப்பையைக் கொழுவினேன்.

திங்கட்கிழமை எழும்பினால், அப்படி ஒரு வெயில். நீல வானம், கண்ணைக் கூசும் வெள்ளை, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நான் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு வாசல் படியில் தேத்தண்ணியோடு இருந்தேன். வீட்டுக்கு நேரே கீழே ஆறு, ஆற்றுக்கு ஒரு பாலம். பாலத்தைக் கடந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் ஒரு ஏரி. அதற்கு மேலே வெயில் முழுக்க விழுகிற செங்குத்தான சரிவு. வலது பக்கம் போனால் ஊசியிலைக் காடு, நாள் முழுக்க நிழல். இவ்வளவும் என் படியிலிருந்து தெரிந்தது.

"என்ன அருமையான நாள்" என்றேன், விறகு கொண்டுவந்த ஆஸ்ட்ரிடிடம்.

அவள் கூரைச் சொட்டைப் பார்த்தாள், பிறகு அந்தச் சரிவைப் பார்த்தாள். "உங்களுக்கு அருமையான நாள். எனக்கு இந்தச் சூடு பிடிக்கவில்லை" என்றாள்.

பிறகு விறகைக் கீழே போட்டுவிட்டு விளங்கப்படுத்தினாள். போன கிழமை புதுப்பனி நிறைய விழுந்ததாம். குளிர் நின்றிருந்தால் அது மெல்ல இறுகியிருக்கும். இப்போது வெயில் மேலே உருக்க, தண்ணீர் உள்ளே இறங்கி, அடியில் இருக்கிற பிடியைக் கரைக்கிறது. இரவு வானம் தெளிவாக இருந்தால் மேல்பகுதி மறுபடி உறையும். அதனால் இந்த மாதிரி நாளில் விடியப் போய், வெயில் ஏறமுன் திரும்பிவிட வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. புயல் அடிக்கிற நாளில் ஆட்கள் தாங்களாகவே வீட்டில் இருந்துவிடுவார்கள், வெயில் நாளில்தான் சாகிறார்கள் என்றாள். சொல்லிவிட்டு விறகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை யெப்பே எனக்குச் சறுக்கப் பழக்கினான். சறுக்கியது கொஞ்சம், விழுந்தது கூட. ஒவ்வொரு தடவையும் அவன் வந்து இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி, உடுப்பில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டான். "வசந்தா, முழங்காலை மடியுங்கள்" என்றான். மருமகனாக வரப்போகிறவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஹேர்னிங்கில் காதில் குத்தியது. நாலாவது தடவை பனியில் மல்லாந்து கிடந்தபோது அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அன்றைக்கு இரவு அவனுக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாகப் போட்டேன். அபி அதைக் கவனித்தாள்.

புதன்கிழமை ஒன்பது மணி. அபியும் யெப்பேயும் முதுகுப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். இடியப்பப் பார்சல் இரண்டு கட்டிக் கொடுத்தேன்.

"தூரமோ பிள்ளை?" என்றேன்.

"அவ்வளவு தூரமில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவோம்" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றாள். என்ன நிற்கிறாள் என்று நினைத்தேன்.

சிவம் வாயைத் திறந்தார். "எங்கை..." என்று தொடங்கினார். நான் அவர் கையில் நல்லாக ஒரு நுள்ளு நுள்ளினேன். "போற பிள்ளையளை எங்கை எண்டு கேக்கிறதே?" என்று அடிக்குரலில் கடிந்துகொண்டேன். அவர் கையைத் தடவிக்கொண்டார். பிள்ளைகள் போனார்கள். நான் பாத்திரம் கழுவப் போனேன். பாலத்தைக் கடந்து எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சோறு இறக்கினேன். ஒரு மணிக்கு அதைத் துணியால் மூடினேன். அபியின் தொலைபேசிக்கு அடித்தால் தொடர்பில்லை என்று ஒரு குரல் சொன்னது. சிவம் வாசலில் நின்றும் இருந்தும் பார்த்தார்.

ஒன்றரை இருக்கும். பாரவண்டி ஒன்று கல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம், நிற்காமல் நீண்டது. நான் வெளியே ஓடினேன். ஏரிக்கு மேலே இருந்த சரிவுப் பனியில் ஒரு அகலமான துண்டு காணாமல் போயிருந்தது. அது இருந்த இடத்தில் மண்ணும் கல்லும் தெரிந்தன. கீழே, பாதை இருந்த இடத்தில், அழுக்குப் பனி கட்டிகட்டியாகக் குவிந்து கிடந்தது. மேலே வானம் அதே நீலம். கூரையிலிருந்து அதே சொட்டு.

ஆஸ்ட்ரிட் ஓடி வந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளைகள் எங்கே போனார்கள்?"

"தெரியாது" என்றேன்.

"ஏரிப் பக்கமா, காட்டுப் பக்கமா?"

"தெரியாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கவில்லை. நம்ப முடியாமல் பார்த்தாள். மீட்புப் பணிக்கு அடித்து, தொலைபேசியை என் கையில் தந்தாள். மறுமுனையில் இருந்த பெண்ணும் மெதுவாக, தெளிவாக அதையே கேட்டாள். எங்கே போவதாகச் சொன்னார்கள்? நான் பெற்ற பிள்ளை. எந்தக் கறிக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்பது வரை தெரிந்த எனக்கு இதைச் சொல்ல முடியவில்லை. "நான் கேக்கேல்லை, நான் கேக்கேல்லை" என்று தமிழில் சொல்லிக்கொண்டு நின்றேன். சிவம்தான் தொலைபேசியை வாங்கி, இரண்டு பேர், இன்ன நிறச் சட்டை என்று சொன்னார். அவர் கையில் நான் நுள்ளிய இடம் இன்னும் சிவந்திருந்தது.

ஹெலிகொப்டர் வந்தது. நாங்கள் பாலத்தடிக்கு ஓடினோம். அதற்கு மேல் போக விடவில்லை. பனிக்குள் புதைந்தவருக்கு நிமிடங்கள்தான் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் இறங்கி ஓடிய ஓட்டத்தில் தெரிந்தது. ஆறு பேரும் ஒரு நாயும். நீளக் கம்பிகளை வைத்து அந்தக் குவியலை அடியடியாகக் குத்திக்கொண்டு போனார்கள். ஒருவன் மட்டும் தேடாமல் தள்ளி நின்று, மேலே இருந்த சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் விசில்.

"அவர் ஏன் சும்மா நிக்கிறார்?" என்று ஆஸ்ட்ரிடிடம் கேட்டேன், பதற்றத்தில் பாதி தமிழில்.

அவளுக்கு விளங்கியது. "மேலே இன்னும் பாதிப் பனி இருக்கிறது. வெயிலும் இருக்கிறது. அது அசைந்தால் அவன் ஊதுவான், மற்றவர்கள் ஓட வேண்டும்."

அதற்குப் பிறகு என்னால் அந்தக் குவியலைப் பார்க்க முடியவில்லை. அந்த ஆறு பேரையும்தான் பார்த்தேன். என் பிள்ளை அங்கே இருந்தால் தேடட்டும். இல்லாவிட்டால், ஒருவரும் இல்லாத இடத்தில், நான் ஒரு கேள்வி கேட்காத காரணத்துக்காக, இந்த ஆறு வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சரிவுக்குக் கீழே நிற்கிறார்கள். எதற்காக மன்றாடுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து மன்றாடினேன்.

மூன்றரைக்கு, பாலத்தடியில் நின்ற மீட்புத் தொண்டர் ஒருவரின் கையடக்க வானொலியில் ஏதோ கரகரத்தது. அதே நேரம் காட்டுப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் உடைந்த சறுக்குக் கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு, முழங்கால் வரை நனைந்து, நொண்டி நொண்டி வந்தான். மற்றவளின் மூக்கு குளிரில் சிவந்திருந்தது. அவள் தொண்டரிடம் கேட்டது எனக்குக் கேட்டது: "என்ன நடந்தது?"

"இரண்டு டேனிஷ் இளைஞர்களைக் காணவில்லை."

அபி யெப்பேயைப் பார்த்தாள். ஹெலிகொப்டரைப் பார்த்தாள். பிறகு என்னைக் கண்டாள். "அது நாங்கள்தான்" என்றாள்.

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு யெப்பேயையும் பிடித்தேன். நனைந்த உடுப்போடு அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். ஆஸ்ட்ரிட் எனக்குத் தந்திருந்த போர்வையை அவனுக்குச் சுற்றினேன். காட்டுக்குள் கட்டை உடைந்ததாம், உருகிய பனியில் முழங்கால் புதையப் புதைய நடந்து வந்தார்களாம், தொடர்பு கிடைக்கவில்லையாம். வெயில் பக்கம் ஆபத்து என்று ஆஸ்ட்ரிட் அவர்களிடமும் சொன்னதால், காலையிலேயே காட்டுப் பக்கம் போவதென்று முடிவெடுத்திருந்தார்கள். அதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

அந்த ஆறு பேரும் முழுதாகத் திரும்பி வந்தார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றி, பயத்தம் பணியாரப் பேணியைத் திறந்து நீட்டினேன். விசிலோடு நின்றவன் ஒன்றைக் கடித்துவிட்டு, நல்லாக இருக்கிறது என்று இன்னொன்று எடுத்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊரில் போகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது, கேட்டால் கூடாதது நடக்கும் என்று என் டேனிஷில் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

அவன் சிரிக்கவில்லை. "என் அப்பா மீன்பிடிக்காரர். கடலுக்குப் போகும்போது யாராவது நல்வாழ்த்துச் சொன்னால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார்" என்றான். தேத்தண்ணியை ஊதிக் குடித்தான். "ஆனால் வலை எங்கே போடப் போகிறார் என்று முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் சொல்லிவிடுவார்."

அன்று பின்னேரம் அபி என் பக்கத்தில் வந்து இருந்தாள். நான் மூடி வைத்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"காலையில் வாசலில் நின்றேன், கவனித்தாயா அம்மா? நீ கேட்பாய் என்று நின்றேன். சின்ன வயதில் என் கூட்டாளிகளின் அம்மாக்கள் எல்லாரும் கேட்பார்கள். எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, எத்தனை மணிக்கு வருவாய். நீ தூரமா என்று மட்டும் கேட்பாய். உனக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று நினைத்தேன். யெப்பேயைப் பற்றியும் அப்படித்தான். கேட்டிருந்தால் முதல் கிழமையே சொல்லியிருப்பேன்."

அவள் ஒவ்வொரு தடவை கதவைத் திறந்துகொண்டு போனபோதும், நான் வாயைக் கடித்துக்கொண்டு நின்றது அவள் நல்லபடி திரும்பி வர வேண்டும் என்றுதான். அதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். இரண்டு வருடக் கோபம் அந்தக் குசினியிலேயே முடிந்தது.

வியாழனும் வெள்ளியும் நாங்கள் முற்றத்தை விட்டு நகரவில்லை. வெயில் தன்பாட்டில் எறித்தது. வெள்ளிக்கிழமை ஆஸ்ட்ரிட் பெரிய பானை நிறைய ஆட்டிறைச்சிச் சூப் வைத்துக் கொண்டுவந்தாள். சிவம் அதற்குள் மிளகாய்த்தூள் போட்டார். அவள் ருசி பார்த்துவிட்டு, கொஞ்சம் தூளைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். திரும்பும் வழியில் கடல் அமைதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹேர்னிங். வானம் பழைய சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. எனக்கு அது ஒரு நிம்மதி. யெப்பே வரும் வழியிலேயே தன் தாய்வீட்டில் இறங்கிவிட்டான். அபி ஓகூஸுக்கு ரயில் எடுக்க வேண்டும். சப்பாத்துப் போட்டு, பையைத் தோளில் கொழுவி, கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். சிவம் என் முகத்தைப் பார்த்தார். கையைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஐம்பத்தாறு வருடமாக என் வாயால் வராத கேள்வி.

"எங்கை போறாய் பிள்ளை?"

அபி திரும்பினாள். வைத்த காலை எடுத்தாள். கதவைச் சாத்தி, சப்பாத்தைக் கழற்றி, குசினிக்குள் வந்து கதிரையில் இருந்தாள்.

"தண்ணி தாங்கோ அம்மா" என்றாள், தமிழில்.

கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். எந்த ரயில், எந்தத் தெரு, எத்தனையாம் மாடி, யன்னலைத் திறந்தால் என்ன தெரியும், பின்னேரத்தில் யாரோடு சமைப்பாள், யெப்பேயின் அம்மா என்ன வேலை, அவளுக்கு என்னைப் பார்க்க எவ்வளவு ஆசை. தமிழ்ச் சொல் வராத இடத்தில் டேனிஷில் சொல்லிவிட்டு மறுபடி தமிழுக்கு வந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு அவள் இரண்டு ரயிலைத் தவறவிட்டாள்.